மாங்கோ கடித்த வெள்ளிக்கிழமை

அதன் நாக்கு மணிக்கட்டில் படும்போது, தையல் நூலின் நுனி ஒன்று தெரியாமல் உரசிவிட்டு விலகியது போலத்தான் இருக்கும். அதற்குப் பிறகு உலர்ந்த கன்னம், பிறகு கழுத்து, பிறகு அந்த நான்கடி உடம்பின் மெல்ல நகரும் கனம். பாம்பு ஈரமாகப் பிசுபிசுவென்று இருக்குமா என்று கேட்காத ஆளில்லை. இருக்காது, ஏ.சி. அறையின் பீரோவில் மடித்து வைத்த பட்டுத் துணியைத் தொட்டுப் பாருங்கள், அப்படி இருக்கும். அடுத்ததாக எல்லாரும் கேட்பது, "கடிச்சிருக்கா?" என்று. கடித்திருக்கிறது, ஒரே ஒரு முறை. அந்தக் கடி ஒரு வாரத்தில் ஆறிவிட்டது. அதை ஒட்டி நான் சொன்ன ஒரு பொய் ஆற வெகுகாலம் ஆயிற்று என்பதால் இரண்டையும் சேர்த்தே சொல்ல வேண்டியிருக்கிறது.

இரண்டாயிரங்களின் நடுவில் நாங்கள் பர் துபாயில், மீனா பஜாருக்குப் பின்னால் ஒரு பழைய நான்கு மாடிக் கட்டடத்தில் குடியிருந்தோம். எனக்குப் பத்து வயது. அப்பா ஒரு கட்டுமானக் கம்பெனியில் டிராஃப்ட்ஸ்மேன். ஹாலைப் பிளைவுட் பலகையால் பாதியாக அடைத்த "பார்ட்டிஷன்" ஒன்றில் அப்பாவின் தம்பி, என் சித்தப்பா, இருந்தார். அவர் ஓர் ஓட்டலில் ஸ்டோர் கீப்பர், கல்யாணமாகாதவர். அவரோடு வேலை பார்த்த பிலிப்பைன்ஸ்காரர் ஒருவர் விசா "கேன்சல்" ஆகி ஊருக்குப் புறப்பட்டபோது, தான் வளர்த்த பாம்பை யாரிடம் விடுவது என்று தெரியாமல் அழுதாராம். சித்தப்பாவால் யார் அழுவதையும் பார்க்க முடியாது. அன்று சாயங்காலமே கண்ணாடித் தொட்டியோடு, ஆரஞ்சு நிறத்தில் சிவப்புத் திட்டுகள் போட்ட விஷமில்லாத பாம்பு ஒன்று எங்கள் வீட்டுக்கு வந்துவிட்டது. அந்தப் பிலிப்பைன்ஸ்காரர் அதற்கு வைத்திருந்த பெயர் மாங்கோ.

அம்மா கதவை விட்டு நகரவில்லை. உள்ளே விடவும் மாட்டேன், வெளியே போகச் சொல்லவும் மாட்டேன் என்று ஒரு நிலை. காரணம் நான்தான். பரமக்குடிப் பக்கம் எங்கள் ஊரில், கல்யாணமாகி ஆறு வருடம் பிள்ளையில்லாமல் இருந்த அம்மா, வெள்ளிதோறும் புற்றுக்குப் பால் ஊற்றி, பிள்ளை பிறந்தால் ஆயுசுக்கும் வெள்ளிக்கிழமை கவுச்சி தொடுவதில்லை என்று வேண்டிக்கொண்ட பிறகு பிறந்தவள் நான். பெயரே நாகலட்சுமி, வீட்டில் நாகு. அப்படிப் பிள்ளை பெற்றவள், வாசல் தேடி வந்த பாம்பை எப்படித் துரத்துவாள்? கடைசியில் அப்பாவிடம், "அவுக பாட்டுக்கு இருக்கட்டும். நான் தொடமாட்டேன், அம்புட்டுத்தான்" என்றாள். கடைசிவரை அவள் அதைப் பாம்பு என்றோ மாங்கோ என்றோ சொன்னதே இல்லை. "அவுக சாப்டாகளா?" "அவுக ஏன் இன்னைக்கு மூஞ்சியக் காட்டல?" இப்படித்தான்.

அவுக என்ன சாப்பிட்டார்கள் என்பதை அம்மா தெரிந்துகொள்ள விரும்பவில்லை. பார்ட்டிஷனுக்குள் சித்தப்பா வைத்திருந்த குட்டி ஃபிரிட்ஜில் உறைந்த வெள்ளெலிகள் இருந்தன. பத்து நாளைக்கு ஒன்று. அம்மாவின் கணக்கில் அது குடித்தது, வெள்ளிதோறும் அவள் தொட்டிக்கு முன்னால் வைக்கும் ஒரு டம்ளர் பால். சற்று நேரத்தில் டம்ளர் காலியாகியிருக்கும். அம்மா கன்னத்தில் போட்டுக்கொள்வாள்.

எனக்கு மாங்கோவைத் தொட அனுமதி இருந்தது, ஒரே ஒரு நிபந்தனையோடு. "கையைச் சோப்புப் போட்டுக் கழுவாம தொட்டிக்குள்ள கைய விடக் கூடாது. அதுக்குக் கண்ணு மட்டு. வாசத்த வச்சுத்தான் எல்லாம். ஒரு நாள் மறந்தன்னாலும் அதோட சரி, அப்புறம் தொடவே கூடாது" என்று சித்தப்பா சொல்லியிருந்தார். எட்டு மாதம் நான் மறக்கவில்லை. பள்ளியில் எல்லாரும் இங்கிலீஷில் தங்கள் பூனையைப் பற்றிப் பேசும்போது நான் வாயைத் திறந்தால் வகுப்பே அமைதியாகும். அந்தப் பெருமைக்காகவே சோப்புப் போடலாம்.

இனி வெள்ளிக்கிழமையைப் பற்றிச் சொல்ல வேண்டும். வளைகுடாவில் வேலைக்கு வந்த ஆட்களுக்கு வாரத்தில் அது ஒன்றுதான் லீவு. தொழிலாளர் கேம்பில் இருப்பவர்கள் சொந்தக்காரர் வீட்டில் உட்கார்ந்து ஒரு வாய் ருசியாகச் சாப்பிடலாம் என்றால் அன்றைக்குத்தான் முடியும். எங்களுக்கோ அதுதான் கறி கூடாத நாள். ஊரில் இருந்தவரை ஒன்றோடொன்று மோதாத இரண்டு விஷயங்கள் எங்கள் சமையலறையில் வாராவாரம் மோதின. அம்மா விட்டுக்கொடுக்கவில்லை. சோனாப்பூர் கேம்பிலிருந்து வரும் இருளப்பன் மாமாவுக்கு வெள்ளிதோறும் சாம்பார், உருளைக்கிழங்கு, அப்பளம்.

இருளப்பன் மாமா எங்கள் ஊர்க்காரர். சைட்டில் கம்பி கட்டுபவர். அப்பாவை "மச்சான்" என்பார், அம்மாவை "தங்கச்சி" என்பார், என்னை "மருமகளே". ரத்த சொந்தமில்லை, ஊர் முறைதான். ஆனால் கூடப்பிறந்த அண்ணன் இல்லாத அம்மாவுக்கு அந்த முறையே போதுமானதாக இருந்தது. மூன்று வருடமாக அவர் ஊருக்குப் போகவில்லை. சாம்பாரைச் சாப்பிட்டுவிட்டு, "தங்கச்சி கையில எதைச் சாப்ட்டாலும் கறிச்சோறுதான்" என்பார். அதில் கிண்டல் எவ்வளவு, உண்மை எவ்வளவு என்று கண்டுபிடிக்க முடியாது.

அந்த ஜூலையில் வெயில் தாங்காமல் மாமா சைட்டிலேயே மயங்கி விழுந்து, ஒரு வாரம் கேம்ப் கட்டிலிலேயே கிடந்தார். அதற்கடுத்த வெள்ளி வந்தபோது சட்டை அவர் மேல் தொங்கியது. அப்பளத்தைக்கூட ஒதுக்கி வைத்தார். அம்மா பரிமாறுவதை நிறுத்திவிட்டுக் கரண்டியோடு நின்று அவரையே பார்த்துக்கொண்டிருந்தாள். "என்னண்ணே, பாதியாளாப் போயிட்டீக" என்றாள். அவர் போன பிறகு அப்பாவிடம், "அடுத்த வெள்ளி கோழி வாங்கிட்டு வாங்க. நான் திங்கல. சமைச்சுப் போடுறேன். சாமி ஒண்ணும் சொல்லாது" என்றாள். சொல்லும்போதே பார்ட்டிஷன் பக்கம் ஒரு பார்வை பார்த்துக்கொண்டாள்.

அந்த வெள்ளி காலை அப்பாவும் சித்தப்பாவும் மாமாவை அழைத்துவரக் காரில் சோனாப்பூர் போய்விட்டார்கள். தொட்டிக்கு முன்னால் அம்மா பால் வைத்தாயிற்று. கோழி வந்தாயிற்று. இப்போது அம்மாவுக்கு ஒரு சங்கடம். சமைக்க மனம் துணிந்துவிட்டது. பச்சைக் கறியைக் கையால் தொட மட்டும் கை வரவில்லை. கரண்டியால் கிளறுவது வேறு, விரலால் தொடுவது வேறு என்று வேண்டுதலில் எங்கோ ஒரு சந்து கண்டுபிடித்துவிட்டாள். "நாகு, இந்தக் கறிய மஞ்சப் போட்டு நல்லாக் கழுவிக் குடு, ஆத்தா. நீ சின்னப் புள்ள, ஒனக்கு ஒண்ணுமில்ல" என்றாள். நான் ஸ்டூல் போட்டு ஏறி, இரண்டு கோழிகளின் துண்டுகளையும் ஒவ்வொன்றாகத் தேய்த்துக் கழுவிக் கொடுத்தேன். அம்மா சட்டியை நீட்டி வாங்கிக்கொண்டாள்.

பிறகு கையைத் தண்ணீரில் அலசி, கவுனில் துடைத்துக்கொண்டு நேராகப் பார்ட்டிஷனுக்குள் போனேன். மாமா வரும்போது மாங்கோவைத் தோளில் போட்டுக்கொண்டு கதவைத் திறந்து அவரை அலறவைக்க வேண்டும் என்பது என் திட்டம். சோப்பு நினைவுக்கு வராமல் இல்லை. வந்தது. பாத்ரூமுக்குத் திரும்பிப் போகச் சோம்பலாக இருந்தது.

மூடியைத் திறந்து கையை விட்டேன். கடித்தது என்று எனக்குத் தெரியவில்லை. யாரோ கையைத் தட்டிவிட்டார்கள் என்றுதான் நினைத்தேன். அவ்வளவு வேகம். குனிந்து பார்த்தால் கட்டைவிரலின் அடிச்சதையை முழுதாகக் கவ்வியபடி அதன் தலை. வலி இல்லை. பள்ளிக்கூட ஷூவின் ஒட்டுப்பட்டையை அழுத்தினால் பிடித்துக்கொள்ளுமே, அப்படி நூறு சின்னஞ்சிறு பற்கள் தோலில் பிடித்துக்கொண்டிருப்பது மட்டும் தெரிந்தது. நான் கண் சிமிட்டுவதற்குள் மீதி உடம்பு வந்து மணிக்கட்டைச் சுற்றியது. ஒன்று, இரண்டு, மூன்று சுற்று. இறுக்கம் கூடிக்கூடி விரல்நுனிகள் கருஞ்சிவப்பாயின. அதன் பிறகுதான் ரத்தம். இவ்வளவு சிறிய பற்களுக்கு இவ்வளவு ரத்தமா என்று திகைப்பாக இருந்தது.

ரத்தத்தை விட வேறொன்று என்னை உலுக்கியது. அதன் தாடை ஒரு பக்கம் கொஞ்சம், மறு பக்கம் கொஞ்சம் என்று மெதுவாக முன்னேறியது. அது என்னை விழுங்கப் பார்த்தது. கோபம் வந்து கடித்திருந்தால்கூடப் பரவாயில்லை. கோபத்துக்கு ஆளைத் தெரிந்திருக்க வேண்டும். எட்டு மாதம் என் கழுத்தில் கிடந்து, என் சட்டைக்குள் தூங்கிய மாங்கோவுக்கு நான் யாரென்றே தெரியவில்லை. அந்த நிமிடத்தில் அதற்கு நான் வெறும் கோழி. எனக்கு அழுகை வந்தது அதனால்தான்.

என் குரல் கேட்டு அம்மா ஓடிவந்தாள். கையையும் ரத்தத்தையும் பார்த்தவள் அப்படியே தரையில் மண்டியிட்டுக் கும்பிட்டாள். "விட்ருங்க. என் புள்ளைய விட்ருங்க. தப்புப் பண்ணினது நானு. கடிக்கிறதா இருந்தா என்னையக் கடிங்க" என்று தலையில் அடித்துக்கொண்டாள். அவள் குரலில் இருந்த பயத்தைக் கேட்டுத்தான் எனக்கும் பயம் பிடித்தது. இழுக்கக் கூடாது, இழுத்தால் சதை கிழியும், குளிர்ந்த தண்ணீரில் காட்டினால் தானே விடும் என்று சித்தப்பா எப்போதோ சொன்னது நினைவுக்கு வந்தது. "பச்சத்தண்ணிம்மா! பச்சத்தண்ணி!" என்று கத்தினேன். அம்மா என்னைத் தூக்கிக்கொண்டு பாத்ரூமுக்கு ஓடி நீலக் குழாயைத் திறந்தாள்.

துபாயில் கோடையைக் கழித்தவர்களுக்கு இது புரியும். மொட்டைமாடித் தொட்டியில் வெந்து வரும் தண்ணீர் என்பதால் ஜூலையில் நீலக் குழாயில் கை வைக்க முடியாது. அதனால் மே மாதமே ஹீட்டரை அணைத்துவிடுவோம். வீட்டுக்குள் அதன் வயிற்றில் ஆறிக் கிடக்கும் தண்ணீர் சிவப்புக் குழாயில் வரும். குளிர்ச்சி வேண்டுமென்றால் சிவப்பு. தினமும் எனக்கு அதை நினைவூட்டுகிற அம்மாவுக்கே அன்று மறந்துபோயிற்று. ஆவி பறக்கும் தண்ணீருக்கு அடியில் கை போவதற்குள், "சிவப்பும்மா, செத்துரும், சிவப்பு!" என்று அலறினேன். அம்மா மாற்றித் திறந்தாள். எட்டு மாதமாகத் தொடமாட்டேன் என்றிருந்தவள், ஒரு கையால் பாம்பின் உடம்பையும் என் கையையும் சேர்த்துத் தாங்கிப் பிடித்துக்கொண்டு நின்றாள். கொஞ்ச நேரத்தில் மாங்கோ தாடையைத் தளர்த்தி, ஒன்றுமே நடக்காதது போலத் தலையைத் தூக்கிப் பார்த்தது.

அந்த நேரம் பார்த்து அவர்கள் மூவரும் வந்து சேர்ந்தார்கள். சித்தப்பா பாம்பை வாங்கித் தொட்டியில் விட்டுவிட்டு என் கையைச் சோப்பால் கழுவினார். விஷமில்லை, ஒன்றும் ஆகாது என்று நூறு முறை சொன்னார். ஆனாலும் அப்பா என்னைக் கிளினிக்குக்குத் தூக்கிக்கொண்டு போனார். அந்த டாக்டர் "பாம்பா? வீட்டிலேயா?" என்று மூன்று முறை கேட்டுவிட்டு டி.டி. ஊசி போட்டார்.

கட்டோடு திரும்பி வந்தபோது வீடு முழுக்கக் கோழிக் குழம்பு மணத்தது. யாரும் சாப்பிட்டிருக்கவில்லை. அம்மா சமையலறைத் தரையில் உட்கார்ந்திருந்தாள். "வேண்டிப் பெத்த புள்ள. வேண்டுன நாள்ல வாக்க மீறுனேன். அவுக சும்மா இருப்பாகளா? இதுநா வரைக்கும் என் பாலக் குடிச்சவுக" என்று திரும்பத் திரும்பச் சொன்னாள். வாசலருகே செருப்பைக்கூடக் கழற்றாமல் இருளப்பன் மாமா நின்றுகொண்டிருந்தார். "எனக்காகத்தான தங்கச்சி" என்றார். பிறகு, "பச்சப் புள்ள கையில ரத்தம் வர வச்சு நான் கறிச்சோறு தின்னணுமா" என்றார். அப்பா கையைப் பிடித்து இழுத்தும் உட்காராமல், வெறும் வயிற்றோடு பஸ் ஏறிப் போனார்.

அவர் போன பிறகு சித்தப்பா என்னைத் தனியாக அழைத்தார். "நாகு, நேராச் சொல்லு. சோப்புப் போட்டுக் கழுவுனியா?"

"கழுவுனேன் சித்தப்பா."

அவ்வளவுதான் பொய். இல்லை என்றால் மாங்கோவைத் தொட முடியாது; அந்த ஒரே பயத்தில் வந்த சொல். அது எங்கே போய் முட்டும் என்று பத்து வயதில் எனக்குத் தெரியவில்லை. சித்தப்பா முகம் சுருங்கியது. "அப்ப இதுக்கு என்னமோ ஆயிருச்சு. காரணமில்லாம கடிக்கிறத புள்ள இருக்குற வீட்ல வச்சுக்க முடியாது" என்றார். ஷார்ஜாவில் இருக்கும் பிராணிகள் கடை ஒன்றில் விட்டுவிடுவது என்று முடிவாயிற்று. அடுத்த வெள்ளி மாமா வரவில்லை. அப்பா போன் போட்டதற்கு ஓவர்டைம் என்றார். அதற்கடுத்த வெள்ளியும் ஓவர்டைம். அம்மா அவர் தட்டைக் கழுவித் துடைத்துக் கவிழ்த்து வைத்திருந்தாள்.

மூன்றாவது வியாழன் சாயங்காலம் சித்தப்பா ஓர் அட்டைப்பெட்டியில் காற்றுக்கு ஓட்டை போட்டுக்கொண்டிருந்தார். கத்தரிக்கோல் இறங்க இறங்க நான் ஓட்டைகளை எண்ணிக்கொண்டிருந்தேன். ஆறாவது ஓட்டையில் உடைந்துவிட்டேன். சோப்புப் போடவில்லை, கோழி கழுவிய கையோடு போனேன், மாங்கோ மேல் தப்பில்லை, சாமி மேலும் தப்பில்லை, மாமா மேலும் தப்பில்லை என்று ஒரே மூச்சில் அழுதேன்.

சித்தப்பா பெட்டியைக் கீழே வைத்தார். திட்டுவார் என்று நினைத்தேன். அவரோ அம்மாவைப் பார்த்து, "மதினி, அந்தப் பாலயும் நான்தான் குடிச்சேன். பாம்பு பால் குடிக்காது" என்றார்.

"எட்டு மாசமாவா?"

"ஆமா மதினி."

"சக்கர பத்தலன்னு ஒரு நாளாச்சும் சொல்லிருக்கக் கூடாதா" என்றாள் அம்மா. அப்பா சிரித்துவிட்டார். அம்மாவும் சிரித்தாள், ஆனால் சிரிப்பு பாதியில் நின்றுபோயிற்று. என்னைப் பக்கத்தில் இழுத்து, கட்டுப் பிரித்த கையைப் பார்த்தாள். "ஒன்னையக் கழுவச் சொன்னது நான்தானத்தா. என் வேண்டுதலுக்கு ஒன் கைய நீட்டிட்டேன்" என்றாள். பிறகு, "கோழி வாசத்துக்கே கடிச்சதா இருக்கட்டும். வெள்ளிக்கிழமையும் அதுவுமா அந்த வாசம் எப்படி வந்துச்சு?" என்று தனக்குத்தானே கேட்டுக்கொண்டாள். ஆனால் எழுந்து போகும்போது அப்பாவிடம் அவள் சொன்னது இது: "அது சாமிக்கும் எனக்கும். அண்ணன் பசியோட போனதுதான் எனக்குத் தாங்கல. காலையில போய்க் கூட்டிட்டு வாங்க. கறிய நானே கழுவுறேன்."

கழுவினாள். வெள்ளிக்கிழமை காலையில், தன் பத்து விரலாலும். அப்பா மதியம் தனியாகத் திரும்பி வந்தார். மாமாவின் கட்டிலில் வேறு யாரோ படுத்திருந்தாராம். கம்பெனிக்குத் தோஹாவில் புது சைட். செவ்வாய்க்கிழமையே ஒரு கூட்டத்தை அனுப்பிவிட்டார்கள், அதில் இவரும் ஒருவர். அப்பாவும் சித்தப்பாவும் சாப்பிட்டு எழுந்தார்கள். எனக்கு ஒரு வாய்கூட இறங்கவில்லை. மூன்று நாள் முன்னால் வாயைத் திறந்திருந்தால் என்ற எண்ணம் அன்று பிடித்தது, வெகுகாலம் விடவில்லை.

சில வாரம் கழித்துத் தோஹாவிலிருந்து மாமா போன் செய்தார். அம்மா எல்லாவற்றையும் சொன்னாள், சோப்பு, கோழி, என் பொய், பால் உட்பட. நானும் போனை வாங்கி, "நான்தான் மாமா" என்றேன். அந்தப் பக்கம் அவர் சிரித்தார். "எம் மனசு நோகக் கூடாதுன்னு தாயும் மகளும் சேர்ந்து சோடிக்கிறீகளாக்கும்" என்றார். எவ்வளவு சொல்லியும் நம்பவில்லை. நாங்கள் நல்லவர்கள் என்று அவர் வைத்திருந்த எண்ணமே குறுக்கே நின்றது.

சித்தப்பா எனக்கு விதித்த தண்டனை ஒரு மாதம். "தொடவே கூடாது" என்று சொன்னவர் அவ்வளவாகக் குறைத்துவிட்டார். மாங்கோ அதன் பிறகு நான்கு வருடம் எங்களோடு இருந்தது. யாரையும் கடிக்கவில்லை. அப்பாவின் வேலை போய் நாங்கள் ஊர் திரும்பியபோது, சித்தப்பாவின் ஓட்டலில் வேலை பார்த்த இன்னொருவர் தொட்டியோடு வாங்கிக்கொண்டார். சென்ற வருடம் வேலை விஷயமாகத் துபாய் போனபோது பர் துபாயில் தேடினேன். அந்த நான்கு மாடிக் கட்டடம் இல்லை. சிவப்புக் குழாய் ரகசியத்தை அங்கே வளர்ந்த பிள்ளை ஒருத்தியிடம் சொன்னேன், வியப்பாகப் பார்த்தாள். மாங்கோவும் இருக்காது, அந்த வகைப் பாம்புக்கு அவ்வளவு ஆயுசு கிடையாது.

இந்த வருடம் பரமக்குடி வீட்டுக்கு லீவில் வந்திருந்தேன். ஊரோடு வந்த பிறகும் அம்மா பழையபடி வெள்ளிக்கிழமை கவுச்சி தொடுவதில்லை. பதினைந்து வருடமாக ஒரு வெள்ளிகூடத் தப்பியதில்லை. அப்படியொரு வெள்ளி காலையில், மகள் கல்யாணப் பத்திரிகையோடு இருளப்பன் மாமா வந்து நின்றார். முடியெல்லாம் நரைத்து, மூக்குக் கண்ணாடி போட்டிருந்தார். அம்மா அவரை உட்காரவைத்துவிட்டு அப்பாவைக் கடைக்கு அனுப்பினாள். கோழி வந்ததும் என்னைக் கூப்பிடவில்லை, தானே கழுவினாள்.

இலையில் கறியை வைத்ததும் மாமா கையை எடுத்துக்கொண்டார். "தங்கச்சி, இன்னைக்கு வெள்ளிக்கிழம."

"தெரியும்ணே. சாப்பிடுங்க."

அவர் இலையைத் தொடவில்லை. "மருமகளே, இங்க வாத்தா" என்றார். போய் உட்கார்ந்தேன். "எந்தக் கை?" என்று கேட்டார். நீட்டினேன். கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு, கையை ஜன்னல் வெளிச்சத்துக்குத் திருப்பி, கட்டைவிரலின் அடியில் வெகுநேரம் பார்த்தார். தன் பெருவிரலால் ஒரு முறை தேய்த்தும் பார்த்தார். "எங்கத்தா கடிச்சுச்சு?"

எனக்கே இடம் சொல்லத் தெரியவில்லை. இங்கேதான் மாமா என்று குத்துமதிப்பாகக் காட்டினேன்.

"தடமே இல்ல தங்கச்சி" என்றார், ஏதோ அம்மாவுக்குத் தெரியாத செய்தி போல. என் கையை மெதுவாக என் மடியிலேயே திருப்பி வைத்தார். பிறகு இலையைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டு, "கொழம்பக் கொஞ்சம் தாராளமா ஊத்துங்க" என்றார்.